வரிசையில் எட்டாவது ஆள்

அரியலூர்
13.3.2005, ஞாயிறு

தங்கச்சி கொளஞ்சிக்கு,

உன் அண்ணன் சாமிதுரை எழுதுவது. உன் முகவரியைச் செந்துறையில் உன் நாத்தனார் மகனிடம் கேட்டு வாங்கினேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

எழுத்து போகப் போகச் சின்னதாகும். வேண்டுமென்று செய்வதில்லை. வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருப்பது முடிவில் எறும்பு ஊர்வதுபோல ஆகிவிடுகிறது. போனில் பேசலாமென்றால் குரல் தொண்டையைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அண்ணி வீரம்மாளுக்கே கேட்பதில்லை.

இரண்டு வருடமாக எனக்கு நடுக்குவாதம். பார்க்கின்சன் என்று திருச்சி டாக்டர் பேர் சொன்னார். கை நடுங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்வதுதான் கொடுமை. வாசல்படியைக் கண்டால் ஒட்டுகிறது. நாலு பேர் நெருங்கி நின்றால் ஒட்டுகிறது. போ போ என்று மனசு அடித்துக்கொள்கிறது, கால் யாருடையதோ மாதிரி நிற்கிறது.

பெரம்பலூரிலிருந்து ஜெயசித்ரா என்று ஒரு பெண் சனிக்கிழமைதோறும் இங்கே வருகிறாள். பிசியோதெரபி படித்தவள், சின்ன வயதில் பரதமும் கற்றிருக்கிறாள். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் என்னையும் சேர்த்து ஏழு நோயாளிகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறாள். சிரிக்காதே. அறுபது வயதில் நான் கும்மி அடிக்கிறேன். தாளம் விழுந்தால் ஒட்டின கால் விட்டுவிடுகிறது. ஏனென்று அவளுக்கே முழுசாகத் தெரியாதாம்.

போன வாரம் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரை வரவழைத்து, நாங்கள் நடப்பதைப் படம் பிடித்து டிவியில் போட்டுக் காட்டினாள். தப்பு எங்கே என்று நாங்களே பார்க்கத்தான். முதலில் ஒரு ஆள் வந்தார். முதுகு வளைந்து, கை இரண்டும் ஆடாமல் தொங்க, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், குட்டிக் குட்டியாகக் காலைத் தேய்த்துக்கொண்டு. எனக்கு வியர்த்துவிட்டது. அது அப்பா. சாவதற்கு முந்தைய வருடம் அப்பா எப்படி நடந்தாரோ அதே நடை. எழுந்து போய்விடலாமென்று நினைத்தபோது ஜெயசித்ரா சொன்னாள்: "இது நீங்கதாங்க சார்."

அப்பா குடித்திருக்கவில்லை கொளஞ்சி. நீ சொன்னதுதான் சரி. இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

சாமிதுரை

*

ஜெயங்கொண்டம்
2.4.2005

திரு. சாமிதுரை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் உடம்புக்கு இப்படி ஆனதற்கு வருத்தம்.

அப்பா குடிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நோய் வர வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். எழுபத்திரண்டு ஆவணியில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிச் சங்கு ஊதியும் ஓடாமல் நின்று அப்பா செத்தார். ஏன் ஓடவில்லை என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "குடிச்சிருந்தாரு" என்று சொன்னது நீங்கள். கூட வேலை பார்த்த மகனே சொன்னதால் யாரும் மறுபேச்சு கேட்கவில்லை. எனக்கு நிச்சயமாகியிருந்த இடத்தில் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். குடித்துவிட்டு வெடியில் நின்றவன் மகள் வேண்டாமாம். பிறகு இரண்டாந்தாரமாக இந்த ஊருக்கு வந்தேன். சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் நின்றுவிட்டேன். அம்மா செத்தபோது நீங்கள் தலைமாட்டில் நின்றீர்கள், நான் கால்மாட்டில் நின்றேன், பேசவில்லை. என் வீட்டுக்காரர் செத்ததற்கு நீங்கள் வரவில்லை.

முப்பத்துமூன்று வருடமாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சங்கு ஊதியபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்?

கொளஞ்சி

*

அரியலூர்
24.4.2005

தங்கச்சிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை. நோயைச் சாக்குச் சொல்லவில்லை. நோய் இல்லாத கையும் அதை எழுதியிருக்காது. கொஞ்சம் பொறு. அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும். வீரம்மாளிடம் சொன்னால் பயப்படுவாள்.

வகுப்பில் செல்லமுத்து என்று ஒருவர் இருக்கிறார், தவில்காரர். சோற்றுக் கவளம் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். அதே கையில் குச்சியைக் கொடுத்தால் நடுக்கம் அப்படியே நின்றுவிடும். அவர்தான் எங்களுக்குத் தாளம். அவர் அடிக்க அடிக்க, அவரையும் சேர்த்து நாங்கள் ஏழு பேரும் வரிசையாக மண்டபத்தைச் சுற்றுவோம், அவர் நடந்துகொண்டே அடிப்பார். ஜெயசித்ரா கையைத் தூக்கினால் தாளம் நிற்கும், நாங்களும் நிற்க வேண்டும். அப்போது ஒரு நொடி ஒரு சத்தமும் இருக்காது.

அந்த ஒரு நொடியில், எங்கள் கால்கள் நின்ற பிறகு, எனக்குப் பின்னால் இன்னொரு கால் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. இடது பக்கம், ஒரு முழம் தள்ளி. திரும்பினால் யாரும் இல்லை. இரண்டு மாதமாக இப்படித்தான். வீட்டில் இல்லை, தெருவில் இல்லை, அங்கே மட்டும்.

ஜெயசித்ராவிடம் சொன்னேன். மாத்திரை செய்கிற வேலை, பலருக்கு இப்படி ஆள் நிற்கிற மாதிரி தோன்றும், டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாம் என்றாள். அளவைக் குறைத்தார்கள். கால் இன்னும் மோசமானது. சத்தம் போகவில்லை.

அதையும் மாத்திரை என்றே வைத்துக்கொண்டிருப்பேன். போன சனிக்கிழமை நடந்ததை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை. வகுப்பில் காத்தாயி என்று ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும். அவருக்கும் மாத்திரையில் பூனை தெரியும், குழந்தைகள் தெரியும், அதற்கெல்லாம் பழகிவிட்டார். ஓய்வாக உட்கார்ந்து டீ குடிக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒங்களுக்குப் பின்னாடி நிக்கிறவர உக்காரச் சொல்லுங்க தம்பி. ரொம்ப நேரமா நிக்கிறாரு. ஒடம்பெல்லாம் கோலமாவக் கொட்டுன மாதிரி வெள்ளையா இருக்கு."

நான் சுரங்கத்தில் வேலை பார்த்ததே அங்கே யாருக்கும் தெரியாது கொளஞ்சி.

அன்றைக்கு ஜெயசித்ரா ஒரு புது வழி காட்டினாள். கால் ஒட்டி நிற்பவரை இழுக்கக் கூடாதாம். இழுத்தால் இன்னும் இறுகிவிடுமாம். அவருடைய காலுக்கு முன்னால் நம் காலைக் குறுக்கே வைக்க வேண்டும். தாண்டுவதற்கு ஒன்று தெரிந்தால் போதும், கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். எனக்கு வைத்துக் காட்டினாள். தாண்டிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாமிதுரை

*

ஜெயங்கொண்டம்
15.5.2005

அண்ணன் சாமிதுரைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் முந்திரிக்கொட்டை வைக்கிற பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தேன். வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். இப்படியெல்லாம் எழுதினால் விளக்கை அணைக்க முடியவில்லை.

ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. கால் குறுக்கே வைப்பது பற்றிச் சொன்னீர்களே, அது எனக்குத் தெரியும்.

எனக்குப் பதினேழு வயது. அப்பா வேலை முடிந்து வருவார், வாசல்படியில் வந்து அப்படியே நிற்பார். அம்மா உள்ளே இருந்து, "ஏன் அங்கயே நிக்கிற, உள்ள வாயேன்" என்பாள். வரமாட்டார். ஒரு நாள் நான் விளையாட்டுக்கு அவருக்கு முன்னால் காலை நீட்டினேன், "தாண்டுப்பா பாப்போம்" என்று. தாண்டிவிட்டார். அவர் முகம் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது, அன்றைக்கும் சிரிக்கவில்லை, என் தலையில் மட்டும் கையை வைத்தார். பிறகு தினமும் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. சாயங்காலம் படியில் நின்று என்னைப் பார்ப்பார். நான் போய்க் காலை நீட்டுவேன்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். என்னைச் சந்தோஷப்படுத்த நிற்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் எழுதிய பிறகுதான் தெரிகிறது, அவர் என்னை நம்பி நின்றிருக்கிறார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதை நான் எழுதிவிட்டேன். இனி நீங்கள் எழுத வேண்டும்.

கொளஞ்சி

*

அரியலூர்
29.5.2005

கொளஞ்சி,

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்தான் கை பேச்சைக் கேட்கும். அந்த ஒரு மணி நேரத்தில் தினமும் கொஞ்சமாக எழுதி ஒன்பது நாளில் முடித்திருக்கிறேன்.

வெடிக்கு மூன்று சங்கு. முதல் சங்குக்குச் சாமானை எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவதுக்கு மேலே ஏற வேண்டும். மூன்றாவதுக்குள் எல்லோரும் கொட்டகைக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டாவது சங்குக்கு நான் பாதி ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா பள்ளத்தின் நடுவில் நிற்கிறார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்.

இறங்கி ஓடினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் மேலேயே இருந்தேன் என்றுதான் விசாரணையில் சொன்னேன். இல்லை, பக்கத்தில் போனேன். கையைப் பிடித்து இழுத்தேன். மரத்தை இழுப்பது மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை, அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. பயப்படக்கூடத் தெரியாத அளவுக்குக் குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த நோயில் முகம் செத்துவிடும், உள்ளே எல்லாம் இருக்கும் என்று அன்றைக்கு யார் கண்டது. வாய் அசைந்தது. குரல் வரவில்லை. குனிந்து காதை வைத்தேன். "காலு," என்றார். அவ்வளவுதான்.

"குடிச்சிட்டு வந்து உசிர வாங்குறியா" என்று கத்தினேன். மேலே இருந்து மேஸ்திரி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது சங்கு ஊதியது. கையை விட்டேன்.

கொளஞ்சி, அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. நான்தான் விரல் விரலாக எடுத்துவிட்டேன்.

வெடித்தது. தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே, தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக. தப்பிவிட்டார் என்று நினைத்து எல்லோரும் கத்தினார்கள். அப்புறம்தான் மண்டையில் ரத்தம் இறங்கியது. விழும்போதும் கால் மாறவில்லை.

நான் கையை விட்டேன் என்று சொல்ல முடியாமல்தான் அவர் குடித்திருந்தார் என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அந்த டிவியில் என்னைப் பார்க்கும்வரை நம்பினேன்.

ஒரு காலைக் குறுக்கே வைத்திருந்தால் போதும்.

பின்னால் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். இப்போது சனிக்கிழமைகளில் தாளம் நிற்கும்போது நான் திரும்பி, அந்த இடத்துக்கு முன்னால் என் காலை வைக்கிறேன். மற்றவர்கள் பயிற்சி என்று நினைக்கிறார்கள். காத்தாயி அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, "தாண்டலியே" என்கிறார்.

நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

சாமிதுரை

*

ஜெயங்கொண்டம்
2.10.2005

அண்ணே,

நாலு மாதம் நான் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று உன்னைக் கொன்றுவிடலாம் போல் இருந்தது. பிறகு அவர் விரல்களை நீ உன் கையிலிருந்து எடுத்துவிட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் விரல்களை நினைத்தேன். அவை இப்போது எப்படி இருக்கின்றன என்று பார்க்கத் தோன்றியது.

நேற்று அரியலூர் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை, பஸ் முழுக்கப் பெருமாள் கோயில் கூட்டம். விசாரித்து மண்டபத்துக்கு வந்தபோது உள்ளே தவில் சத்தம். முன்வாசலில் வர மனம் வரவில்லை. பின்னால் சமையல்கட்டு வழியாகப் போய், பரிமாறுகிற சன்னலில் நின்று பார்த்தேன்.

உன்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. நீ சொன்னது சரி. அப்பாவைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

வரிசையாகச் சுற்றி வந்தீர்கள். நான் சத்துணவுக் கூடத்தில் தினமும் தலை எண்ணியே பழகியவள். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தாலும் தவறாமல் எண்ணுவேன். எண்ணினேன். எட்டுப் பேர்.

நீ ஏழு பேர் என்று எழுதியது நினைவு இருந்தது. புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பார் என்று நினைத்தேன். உனக்குப் பின்னால் கடைசியில் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். தலையில் துண்டு. சன்னலுக்கு முதுகுதான் தெரிந்தது. அவர் மட்டும் வெயிலில் நிற்பதைப் போல வெளுத்துத் தெரிந்தார்.

அந்தப் பெண் கையைத் தூக்கினாள். தாளம் நின்றது. எல்லோரும் நின்றார்கள். அவர் ஒரு அடி கழித்து நின்றார்.

நீ மெதுவாகத் திரும்பினாய். குனிந்துகொண்டே காலை நீட்டி வைத்தாய். உன் உடம்பெல்லாம் நடுங்கியது, கால் மட்டும் நடுங்கவில்லை. அண்ணே, நீ தலை நிமிரவே இல்லை, அதனால் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். அவர் ஒரு காலை உயரத் தூக்கினார், படி தாண்டுகிற மாதிரி. அடுத்த காலையும் தூக்கினார். தாண்டிவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஏழு பேர்தான் இருந்தீர்கள்.

வெளியே வந்து, தண்ணீர்க் குடம் எடுக்க வந்த ஜெயசித்ராவிடம் இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். "ஏழு பேருங்க. யாரும் லீவு போடல" என்றாள். நீங்கள் யார் என்று கேட்டாள். சொல்லாமல் வந்துவிட்டேன். எனக்கு நோயும் இல்லை, நான் மாத்திரையும் சாப்பிடுவதில்லை. கண்டதை எழுதியிருக்கிறேன்.

உன்னை நான் மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நகர்ந்துவிட்டார். அது உனக்குத் தெரிய வேண்டும்.

கொளஞ்சி

*

அரியலூர்
16.10.2005

கொளஞ்சி,

நீ வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாய். வீரம்மாள் அதற்குத்தான் அழுதாள். மற்றதை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

அன்றைக்கு என் முழங்காலில் துணி உரசியது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. தாளம் நிற்கிறது, எங்கள் கால்கள் நிற்கின்றன, பிறகு ஒன்றும் இல்லை. ஏழு மாதமாக இருந்த சத்தம் இல்லை. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இடிந்து போன மாதிரி இருக்கிறது. நேற்று இரண்டு தடவை பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டேன், செல்லமுத்துதான் பிடித்தார்.

நேற்று டீ குடிக்கும்போது காத்தாயி அம்மாவிடம் நானே கேட்டேன், அவர் இருக்கிறாரா என்று.

"அவரு போயிட்டாருல்ல தம்பி. அன்னிக்கே அந்தம்மா பின்னாடியே போயிட்டாரு."

எந்த அம்மா என்றேன்.

"சமையக்கட்டு சன்னல்ல நின்னு பாத்தாங்களே, அவங்க. அவங்க போறப்ப இவரும் எறங்கிப் போனாரு. நல்லாத்தான் நடந்தாரு."

உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. நீ வந்தது வீரம்மாளுக்குத் தெரியும், சன்னலில் நின்றது அவளுக்குக்கூடத் தெரியாது.

எனக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறதா? மறைக்காமல் எழுது.

அண்ணன்

*

ஜெயங்கொண்டம்
24.10.2005

அண்ணே,

மறைக்கவில்லை. சித்திரை வெயிலில் வலது கட்டை விரல் தானாக ஆட ஆரம்பித்தது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். எனக்கு நோய் இல்லை என்று போன கடிதத்தில் எழுதியபோதும் அந்த விரலை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் எழுதினேன். இப்போது கோலம் போட்டால் புள்ளிகள் ஒன்றை ஒன்று நெருங்கி வருகின்றன. எதிர்வீட்டுப் பெண், "ஏன் அக்கா கோபமா இருக்கீங்க, மொகமே சரியில்லையே" என்று கேட்டாள். நான் அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன்.

காத்தாயி அம்மா சொன்னது சரி. அவர் இங்கேதான் இருக்கிறார். பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது, அதையும் போன கடிதத்தில் எழுதவில்லை. முதல் வாரம் தூங்காமல் கிடந்தேன். இப்போது அவ்வளவு பயமில்லை. ஒன்றும் செய்வதில்லை. நான் நின்றால் நிற்கிறார், நான் எழுந்தால் வருகிறார். அவர் உன்னிடம் எதையும் கேட்க வரவில்லை அண்ணே. நம் இரண்டு பேரில் யார் எப்போது விழுவோம் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாக்டரிடம் அடுத்த மாதம் போகிறேன், அண்ணியைக் கூட வரச் சொல். நீ தனியாக எங்கும் நடக்காதே.

இந்தச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். முன்வாசல் வழியாகவே வருவேன். ஜெயசித்ராவிடம் சொல்லி வரிசையில் உனக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் வை. வரிசையில் எனக்கு அடுத்து நிற்கிறவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல். எனக்குப் பின்னால் இன்னும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வேண்டும்.

உன் தங்கச்சி
கொளஞ்சி